பென்சில் மேடத்துக்கு விழுந்த வாக்குகள்

மீன் அளக்கும் பலகை என்று ஒன்று உண்டு. கை நீளத்துக்கு ஒரு பலகை, ஒரு முனையில் நிமிர்ந்து நிற்கும் சிறு கட்டை, நடுவில் மில்லிமீட்டர் கோடுகள். மீனின் மூக்கைக் கட்டையில் முட்டவைத்து, வால் எந்தக் கோட்டில் முடிகிறது என்று பார்த்தால் நீளம் தெரிந்துவிடும். பார்வைக்கு ஒன்றுமில்லாத சாமான். ஆனால் அந்தக் கட்டை அரை மில்லிமீட்டர் சாய்ந்திருந்தால், அதில் அளந்த ஆயிரம் மீனும் அரை மில்லிமீட்டர் பொய் சொல்லும்.

அண்ணன் அந்தப் பலகைகளைச் செய்பவர். தச்சர். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். முதல் பலகையைத் தங்கைக்காகச் செய்தார். இருபத்தாறு வருடத்தில் நூற்றுப் பதினெட்டுப் பலகைகள் ஆகிவிட்டன. எந்தப் பலகை எந்தப் படகில் இருக்கிறது என்று ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறார். கடல் ஆய்வுக்குப் போகும் மூன்று படகுகளிலும் இன்று அவருடைய பலகைதான்.

தங்கை மீன்வள உயிரியலாளர். தெருவில் எல்லோருக்கும் அவள் ‘மீன் டாக்டர்’. ஒருநாள் எதிர்வீட்டுக்காரர் கண்ணாடித் தொட்டியைக் கட்டிக்கொண்டு மூச்சு வாங்க ஓடிவந்தார். உள்ளே ஒரு மீன் மல்லாந்து கிடந்தது.

“கொஞ்சம் பாருங்கம்மா, நேத்துலேருந்து இப்படியே இருக்கு.”

“எங்கிட்ட வர்ற மீனெல்லாம் செத்த மீன்தாங்க. நீளம் என்ன, வயசு என்ன, வயித்துல என்ன இருக்கு, அவ்வளவுதான் நான் சொல்லுவேன்.”

அவர் தொட்டியை ஒருமுறை எட்டிப் பார்த்தார். “அப்ப சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கேன்.”

அண்ணன் இதைப் பல பேரிடம் சொல்லியிருக்கிறார். சொல்லும்போதெல்லாம் கடைசியில், “அவ செத்த மீனோட காதுல இருக்கிற கல்லை வெட்டி, மரத்துல வளையம் எண்ற மாதிரி எண்ணி, வயசைச் சொல்லுவா. நாட்டுலேயே அவ எண்ணிக்கைதான் சுத்தம்” என்று சேர்த்துக்கொள்வார். கேட்டவர் கேட்காவிட்டாலும் சொல்வார்.

படகில் அவளுக்கு வேறு பெயர். ‘பென்சில் மேடம்’. அந்தப் பெயர் வந்த கதையில் அண்ணனுக்கும் பங்கு உண்டு.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அவள் மூன்று மாதம் கடலில் கிடந்து முந்நூறு மீன் சேகரித்தாள். ஒவ்வொன்றையும் சாராயக் கரைசல் நிரம்பிய ஜாடியில் போட்டு, எங்கே பிடித்தது, என்றைக்குப் பிடித்தது என்று சீட்டெழுதி உள்ளேயே போட்டாள். நல்ல பேனாவில், முத்து முத்தான எழுத்தில். கரைக்கு வந்து பெட்டியைத் திறந்தால் முந்நூறு ஜாடியிலும் நீலத் தண்ணீர். சீட்டெல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தன. மீன் இருந்தது, பெயர் இல்லை.

அன்று அவள் நேராக அண்ணனின் பட்டறைக்கு வந்து மரத்தூள் மேல் உட்கார்ந்து அழுதாள். அண்ணனுக்குச் சமாதானம் சொல்லத் தெரியாது. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து நீட்டினார்.

“மழையில நனைஞ்ச பலகையிலகூட இதோட கோடு போகாது. இதுல எழுது.”

அதோடு முடிந்தது. அதன்பிறகு அவள் ஏறிய படகில் பேனா ஏறியதில்லை. புதிதாக வரும் அளவைக்காரர்களின் சட்டைப்பையை அவளே தட்டிப் பார்ப்பாள். பேனா இருந்தால் பிடுங்கிக் கரையில் இருக்கும் காவலாளியிடம் கொடுத்துவிடுவாள். காவலாளியின் மேசையில் ஒரு டப்பா நிறையப் பேனாக்கள் உண்டு. “மேடம் புண்ணியத்துல எம்பிள்ளைங்க படிப்புக்குப் பேனா வாங்கினதே இல்ல” என்பான் அவன்.

இப்படிப்பட்டவளுக்குத்தான் அந்த ஆசை வந்தது.

மீன்வள உயிரியலாளர் சங்கத்துக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தலைவர் தேர்தல். படகில் அளப்பவர்களும் அதில் உறுப்பினர்கள்தான். சங்க அலுவலகத்தில் பழைய தலைவர்கள் பதினேழு பேரின் படங்கள் மாட்டியிருக்கின்றன. பதினேழு பேரும் தலைமையகத்து ஆட்கள். ஒருவர்கூடப் படகில் வாந்தி எடுத்தவர் இல்லை. தங்கை மனு கொடுத்தாள்.

“உனக்கெதுக்கு இந்தப் பதவி ஆசையெல்லாம்?” என்று அண்ணி நேராகவே கேட்டுவிட்டாள்.

“ஆசைதான் அண்ணி. இல்லேன்னு சொன்னா பொய்” என்றாள் தங்கை. “நாங்க அளந்து குடுக்கிற நம்பரை வச்சுத்தான் எந்த மாசம் மீன் பிடிக்கக் கூடாது, வலைக்கண்ணு எவ்வளவு இருக்கணும்னு எல்லாம் முடிவு பண்றாங்க. அறிக்கை எழுதினவர் பேரு அட்டையில பெருசா இருக்கும். ராவும் பகலும் நின்னு அளந்தவன் பேரு உள்பக்கத்துலகூட இருக்காது. அளந்தவன் பேரும் வரணும்னு விதி போடற அதிகாரம் தலைவருக்குத்தான் இருக்கு. எனக்கு அந்த ஒண்ணு போதும்.”

“ஜெயிச்சிட்டா வீட்டுக்கு மீனாவது வருமா?”

“சாராயத்துல ஊறினது வேணும்னா வரும்.”

அண்ணி சிரித்துவிட்டாள். அண்ணன் சிரிக்கவில்லை. அவர் அதற்குள் சங்க விதிப் புத்தகத்தைப் பிரித்து, வரிக்குக் கீழே இரும்பு அடிக்கோலை வைத்துப் படிக்க ஆரம்பித்திருந்தார். அதில் ஒரு வரிக்குக் கீழே அடிக்கோல் நகராமல் நின்றது. தலைவராக நிற்பவருக்கு ஓய்வு பெற இன்னும் மூன்று வருடமாவது இருக்க வேண்டும். தங்கைக்குச் சரியாக மூன்று வருடமும் ஒரு மாதமும் இருந்தது. அடுத்த தேர்தலில் அவளால் நிற்க முடியாது. இதுதான் முதல், இதுவேதான் கடைசி.

இன்னொரு சிக்கலும் இருந்தது. தேர்தல் எப்போதுமே மீன் முட்டையிடும் பருவத்தில்தான் வரும். அந்த வாரங்களில் படகுக்காரர்கள் எல்லோரும் நடுக்கடலில் இருப்பார்கள். கைபேசியில் வாக்குப் போட வேண்டும், கடலில் கைபேசி வெறும் பலகை. அதனால் படகு ஆட்களின் வாக்கு என்று ஒன்று விழுந்ததே கிடையாது. கடலில் இருப்பவர்களுக்குத் தாள் வாக்கு வேண்டும் என்று தங்கை எட்டு வருடம் கடிதம் எழுதினாள். ஒருவழியாகப் போன வருடம் ஒப்புக்கொண்டார்கள். இந்தத் தேர்தல்தான் முதல்முறை.

படகு கிளம்புவதற்கு முந்தின நாள் வாக்குச் சீட்டுகள் வந்தன. மூன்று படகுக்கும் சேர்த்து நாற்பத்தொன்று. அண்ணன் அவற்றை இரண்டு தரம் எண்ணினார். கூடவே இருந்த அறிவுறுத்தல் தாளை அவர் வாசிக்க, தங்கை பைக்குள் துணியை மடித்து வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“சீட்டைச் சின்ன உறையில போட்டு ஒட்டணும்.”

“ம்.”

“சின்ன உறையைப் பெரிய உறையில போட்டு, வெளியில உறுப்பினர் எண்.”

“ம்.”

“பெயருக்கு எதிர்ல மையினால் குறியிடவும்.”

“சரி. அடுத்தது?”

“சனிக்கிழமை காலை பத்து மணிக்குள்ள சங்க அலுவலகத்துக்கு வந்துடணும்.”

“ஐஸ் கொண்டுவர சின்னப் படகு வியாழக்கிழமை திரும்பும். அதுல குடுத்தனுப்பிடுவேன்.”

இருவரும் அந்த மூன்றாவது வரியைக் கேட்டார்கள். இருவரும் அதைத் தாண்டிப் போனார்கள். பின்னாளில் அண்ணன் இதை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தார். அவர் குரல் அந்த வரியில் ஒரு நொடி நின்றிருந்தால் போதும். நிற்கவில்லை.

சனிக்கிழமை எண்ணிக்கை. ஒவ்வொரு வேட்பாளர் சார்பிலும் ஒருவர் உட்காரலாம், உறுப்பினராக இருக்கத் தேவையில்லை என்று விதி. தங்கை கடலில். எனவே அண்ணன் போனார். தேய்த்த சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, பழக்கதோஷத்தில் காதில் பென்சிலையும் செருகிக்கொண்டு போனார்.

சங்க அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் நீண்ட மேசை. சுவரோரமாகக் கண்ணாடி அலமாரி, அதற்குள் ஜாடிகளில் மீன்கள். அவர் முதலில் அலமாரியைத்தான் பார்த்தார். ஜாடிகளுக்குள் இருந்த சீட்டுகள் எல்லாம் பென்சிலில் இருந்தன. மூன்றாம் தட்டில் தங்கையின் கையெழுத்தைக் கண்டுபிடித்து, மனதுக்குள் ஒருமுறை தட்டிக்கொடுத்துக்கொண்டார்.

தேர்தல் அதிகாரி ஓய்வுபெற்ற பெண் விஞ்ஞானி. மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். எதிர் வேட்பாளர் தலைமையகத்தில் துறைத் தலைவர், தானே வந்திருந்தார். மரியாதையான மனிதர். அண்ணனுக்காக நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“உங்க பலகையிலதான் நானும் படிக்கிற காலத்துல அளந்தேன்” என்றார். “முனை இப்பவும் ஆடல.”

“ஆடாது சார்” என்றார் அண்ணன். அதற்குமேல் அவரை வெறுக்க முடியாமல் போய்விட்டது.

“பார்வையாளர்கள் பேசக்கூடாது, எதையும் தொடக்கூடாது” என்றார் அதிகாரி. “ஆட்சேபம் இருந்தா எழுதிக் குடுக்கலாம்.”

முதலில் கைபேசி வாக்குகள். துறைத் தலைவருக்கு இருநூற்று ஒன்பது, தங்கைக்கு நூற்று எண்பத்தேழு. அண்ணன் பதறவில்லை. இருபத்திரண்டு குறைச்சல், நாற்பத்தொன்று பாக்கி. பொதுவாக அவர் மனக்கணக்கில் தப்பியதில்லை.

பிறகு படகு உறைகள் வந்தன. ஐஸ் பெட்டியில் கிடந்து வந்தவை, ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பிரிக்க அறையெல்லாம் மீன் வாசம். “எங்கேருந்து வருதுன்னு விலாசமே தேவையில்ல” என்றார் அதிகாரி. எல்லோரும் சிரித்தார்கள்.

மூன்றாம் படகு ஒன்பது. அந்தப் படகின் தலைவர் வேறொருவர், தங்கையிடம் வேலை பழகியவர் அல்ல. அதிகாரி ஒவ்வொரு சீட்டையும் பிரித்து, இருபுறமும் காட்டி, அடுக்கினார். தங்கைக்கு ஏழு, துறைத் தலைவருக்கு இரண்டு. இப்போது நூற்றுத் தொண்ணூற்று நாலு, இருநூற்றுப் பதினொன்று. மிச்சம் முப்பத்திரண்டும் தங்கை பழக்கிய இரண்டு படகுகளிலிருந்து வந்தவை. அதில் இருபத்தைந்து விழுந்தால் போதும். அண்ணன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். வெகுநாளைக்குப் பிறகு அப்படி உட்கார்ந்தார்.

அடுத்த உறையை அதிகாரி பிரித்தார். சீட்டு விளக்கு வெளிச்சத்துக்குத் திரும்பியபோது தங்கையின் பெயருக்கு எதிரே ஒரு சாம்பல் பளபளப்பு.

வேறு யாருக்கும் அது தெரிந்திருக்காது. நாற்பது வருடம் பென்சில் கோட்டைப் பார்த்து வாளை ஓட்டிய கண்ணுக்குத் தெரிந்தது. மை ஒளியைக் குடித்துவிடும். பென்சில் மின்னும்.

அதிகாரி சீட்டைக் கண்ணருகே கொண்டுபோனார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மெதுவாக, மேசையின் மூன்றாவது மூலையில், இதுவரை ஒன்றும் இல்லாத இடத்தில் வைத்தார்.

“பென்சில்” என்றார். “செல்லாது.”

அடுத்ததும் அங்கேயே போனது. அதற்கடுத்ததும். அண்ணன் வாயைத் திறந்தார். பேசக்கூடாது. எழுந்தார். தொடக்கூடாது. உட்கார்ந்தார். செல்லாத சீட்டு ஒவ்வொன்றையும் அவருக்குக் காட்ட வேண்டும் என்பது விதி, எனவே அதிகாரி ஒவ்வொன்றையும் நீட்டி, அவர் தலையசைக்கும்வரை காத்திருந்து, மூன்றாவது மூலையில் வைத்தார். அழுத்தமான குறிகள். சாய்வில்லாத குறிகள். படகு ஆடியபோது போட்டதால் கொஞ்சம் நெளிந்த குறிகள். எல்லாம் கூராகச் சீவிய பென்சிலில், அவள் கற்றுக்கொடுத்தபடி.

இருபத்தொன்றாவது சீட்டில் குறியின் வால் மேலே போய் ஒரு கொக்கி போல வளைந்திருந்தது. அந்தக் கொக்கியை அண்ணனுக்கு அவளுடைய முதலாம் வகுப்பிலிருந்தே தெரியும். தன் வாக்கையும் பென்சிலிலேயே போட்டிருக்கிறாள். அதற்கும் அவர் தலையசைக்க வேண்டியிருந்தது.

முப்பத்திரண்டும் முடிந்தன. முப்பத்தொன்று தங்கைக்கு, ஒன்று துறைத் தலைவருக்கு. செல்லுபடியாகியிருந்தால் இருநூற்று இருபத்தைந்து, இருநூற்றுப் பன்னிரண்டு. பதின்மூன்று வாக்கில் ஜெயித்திருப்பாள்.

அண்ணன் ஆட்சேபத் தாளை இழுத்துக் காதிலிருந்த பென்சிலை எடுத்து எழுதினார். ‘குறி தெளிவாக இருக்கிறது. யாருக்குப் போட்டார்கள் என்பதில் சந்தேகம் இல்லை.’ அதிகாரி தாளை வாங்கிப் பார்த்தார். அவர் முகம் சங்கடத்தில் கோணியது.

“ஐயா, மன்னிக்கணும். இதையும் பேனாவுலதான் எழுதணும்.”

துறைத் தலைவர் தன் பேனாவைக் கழற்றி நீட்டினார். அண்ணன் அதே இரண்டு வரியை மறுபடியும் எழுதினார். பேனா அவர் கையில் வழுக்கியது.

அதிகாரி அதைப் படித்தார். இரண்டாம் தரமும் படித்தார். விதிப் புத்தகத்தைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினார்.

“முன்னாடி எல்லாரும் தாள்ல ஓட்டுப் போட்ட காலத்துல, ஒரு தடவை பென்சில் குறியை யாரோ ரப்பர் வச்சு அழிச்சுட்டாங்க. அதுக்கப்புறம் போட்ட விதி இது. இந்த விதியை எழுதினதுல நானும் ஒருத்தி. எனக்கு மனசு இல்லாம இல்லைங்க. ஆனா கடல்ல போறவங்க பென்சில்லதான் போடுவாங்கன்னு அன்னிக்கு எங்க யாருக்கும் தோணல. நானே பத்து வருஷம் படகுல போனவ.”

“இதை எண்ணினா எனக்கு ஆட்சேபம் இல்ல” என்றார் துறைத் தலைவர்.

“உங்களுக்கு இல்ல சார். விதிக்கு இருக்கு.”

எண்ண மாட்டார்கள் என்று தெரிந்த பிறகு சொன்னாரா, மனதாரச் சொன்னாரா என்று அண்ணனுக்குப் புரியவில்லை. எப்படி இருந்தாலும் ஒன்றுதான். அவர் பேனாவைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்து, முடிவுத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தார். கையெழுத்துக்கும் பேனா கொடுத்தார்கள்.

படகு திரும்ப இன்னும் எட்டு நாள் இருந்தது. செய்தி சொல்ல வழியில்லை. எட்டு நாளும் அதை வயிற்றில் வைத்துக்கொண்டு திரிந்தார். ஒரு பலகைக்குக் கோடு கிழித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். அண்ணி, “நீங்களா தப்புப் பண்ணீங்க?” என்று கேட்டாள்.

“நான்தானே அவளுக்கு முதல்ல பென்சிலைக் குடுத்தேன்.”

“அப்ப அந்தப் பொண்ணு பேனாவுலயே எழுதி, எல்லா மீனையும் நீலமாக்கியிருக்கணுமா? வந்து சாப்பிடுங்க.”

ஒன்பதாம் நாள் காலை துறைமுகத்தில் நின்றார். படகு ஒட்டியதும் தங்கைதான் முதலில் இறங்கினாள். கொண்டையில் பென்சில். முகம் உப்புப் பூத்து, கண்ணோரம் சிவந்திருந்தது. கையில் ஒரு பலகை.

“சொல்லுண்ணா.”

“நூத்தித் தொண்ணூத்தி நாலு. அவருக்கு இருநூத்திப் பதினொண்ணு.”

அவள் கொஞ்சநேரம் கணக்குப் போட்டாள். அவளும் எண்ணுகிறவள்தானே.

“எங்க படகு ஓட்டு எங்க போச்சு?”

“பென்சில்.”

அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. அவள் கை தானாகவே கொண்டைக்குப் போய்ப் பென்சிலைத் தொட்டது. தொட்டபடியே நின்றது.

“மையினால் குறியிடவும்” என்றாள் மெல்ல. “நீ படிச்ச. நான் சரின்னு சொன்னேன்.”

“நானாவது நிறுத்தியிருக்கலாம்.”

“படகுல பேனாவே இல்லண்ணா. இருந்திருந்தா நானே பிடுங்கியிருப்பேன். நானும் பென்சில்லதான் போட்டேன்.”

“பாத்தேன்.”

அவள் சிரிக்கப் பார்த்தாள். உதடு பாதியிலேயே நின்றுவிட்டது. பின்னால் அளவைக்காரர்கள் பெட்டிகளை இறக்க ஆரம்பித்திருந்தார்கள். அவள் அண்ணனின் முழங்கையைப் பிடித்தாள், சின்ன வயதில் தெருவைக் கடக்கும்போது பிடித்தது போல.

“அவங்ககிட்ட சொல்லாத. போதலைன்னு மட்டும் சொல்றேன். முதல் தடவை ஓட்டுப் போட்டிருக்காங்க. எல்லாரும் குளிச்சுட்டு வந்து போட்டாங்கண்ணா.”

அவர் தலையசைத்தார். அந்தத் தேர்தலுக்காக அவர் அசைத்த முப்பத்துமூன்றாவது தலையசைப்பு அது.

அவள் படகுப் பக்கம் திரும்பி உரக்க, “போதலப்பா! பதினேழு ஓட்டு!” என்றாள். “அட போங்க மேடம்” என்று நாலைந்து குரல்கள் எழுந்தன. யாரோ பெட்டியை நங்கென்று வைத்தார்கள். அவள் கையிலிருந்த பலகையை அண்ணனிடம் கொடுத்துவிட்டு மாதிரிப் பெட்டிகளைச் சரிபார்க்கப் போய்விட்டாள்.

‘மொட்டை’ என்று எல்லோரும் கூப்பிடும் மூத்த அளவைக்காரர் அண்ணனிடம் வந்தார். பதினெட்டு வருடமாக அவருடைய பலகையில் அளப்பவர். ஒரு அறிக்கையிலும் பெயர் வராதவர்.

“என்னண்ணே, கவுத்துட்டாங்களே. நீங்க எண்ற இடத்துல இருந்தீங்களாமே. எங்க ஓட்டெல்லாம் ஒழுங்கா வந்து சேந்துச்சா?”

“வந்து சேந்துச்சு.”

“ஐஸ் தண்ணி உள்ள பூந்துடுமோன்னு எனக்கு ஒரே பயம். நல்லவேளை, எல்லாரையும் பென்சில்லதான் போடணும்னு நான்தான் கண்டிப்பா சொன்னேன். ஒண்ணும் கரைஞ்சிருக்காதுல்ல?”

அண்ணன் கையிலிருந்த பலகையைப் பார்த்தார். முனைக் கட்டை தேய்ந்திருந்தது, கோடுகள் அப்படியே இருந்தன.

“ஒண்ணுகூடக் கரையல” என்றார். “எல்லாம் போட்டபடியே இருந்துச்சு.”